வலது ஓரம் நமக்கு

கம்ப்யூட்டரில் கோடிங் எழுத ஓசியில் கிடைக்கிற ஒரு எடிட்டருக்காக ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாடினாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கன்னத்தில் அறை விழுந்த பிறகும் விடாமல், "அதுவே போதுங்க, புதுசு வேண்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் என்றால் சிரிப்பு கொஞ்சம் குறையும். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரிந்த பிறகும் சிரிக்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்காமல் எழுந்து போய்விடலாம்.

அவளுக்கு அக்கா வைத்த பேர் பொடிசு. ஆள் அப்படித்தான், ஊதினால் பறந்துவிடுவாள். அக்கா அதற்கு நேர் எதிர், நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் வெப்சைட் செய்கிறவர்கள். பொடிசுக்குக் கல்யாணம் ஆகும் முன் ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அங்கே ஒரு மேனேஜர். மோப்பநாய் என்று அவனுக்குப் பட்டப்பேர். எப்போதும் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது நின்று திரையை எட்டிப் பார்ப்பதே அவன் உத்தியோகம்.

அக்காவும் தங்கையும் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதியா? வழி கண்டுபிடித்தார்கள். கோடிங்குக்கு நடுவே குறிப்பு எழுதலாம். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது, படிக்கிற மனுஷருக்குத்தான் அது. அவர்கள் வைத்திருந்த இலவச எடிட்டரோ, வரியை எவ்வளவு நீட்டினாலும் மடிக்காது. திரையின் வலது ஓரத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், பக்கவாட்டில் தள்ளினால்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் இடது பக்கம், மோப்பநாய் பார்க்கிற இடத்தில், 'எல்லாம் சரியாக உள்ளது' என்று எழுதுவார்கள். அப்புறம் ஸ்பேஸ் பட்டனை அழுத்து அழுத்து என்று அழுத்தி வெகுதூரம் போய், 'மோப்பநாய் இன்னிக்குக் குளிக்கல' என்று எழுதுவார்கள். சாயங்காலம் கிளம்பும் முன் அழித்துவிடுவார்கள். "இடது பக்கம் மேனேஜருக்கு, வலது ஓரம் நமக்கு" என்பாள் அக்கா. இடது பக்கம் எழுதுவதில் ஒரு வார்த்தை நிஜம் கிடையாது, வலது ஓரத்தில் எழுதுவதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இப்படி ஒரு சட்டம் யாரும் போடாமலே அவர்களுக்குள் ஏற்பட்டுவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு மோப்பநாயே தேவலாம் என்று ஆகிவிட்டது.

புருஷன் சொந்தமாகக் கம்பெனி வைத்திருந்தான். கம்பெனி என்றால், மாடியில் வாடகை வீட்டின் முன்னறை, ஒரு மேசை, பேட்டரி செத்துப்போன ஒரு பழைய லேப்டாப், வாசலில் மாட்டுவதற்காக வாங்கி இன்னும் மாட்டாத ஒரு பெயர்ப்பலகை. கோடிங்கில் அவனுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. கோட்டு மாட்டிக்கொண்டு போய் வேலை பிடித்து வருவான். செய்வது பொடிசும், வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிற அக்காவும். அந்த எடிட்டரில் ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்து ஒரே சமயத்தில் எழுதலாம், இவள் தட்டுவது அவள் திரையில் அப்படியே ஓடும்.

அவன் அடிப்பான். எப்போதாவது கோபத்தில் கை நீட்டுகிற ரகம் இல்லை. நேரம் பார்த்து அடிப்பான். கீழே தகரம் வெட்டுகிற பட்டறை இருந்தது. மெஷின் ஓடினால் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. மெஷின் ஓடினால் அடிப்பான், நின்றால் நிறுத்துவான். பட்டறை ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற நேரத்தில் இவனும் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்காருவான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எவனோ சொல்லி வைத்தானே, அவன் வாயில் மண்ணை அள்ளிப் போட!

ஒரு தடவை அக்கா போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தான். "புருஷன் பொண்டாட்டி சண்டை சார், எந்த வீட்ல இல்ல?" என்றான். அவர்களும், "அனுசரிச்சுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். அன்றைக்கு மிதித்த மிதியில் பொடிசுக்கு விலா எலும்பில் விரிசல் விட்டது. அதோடு அவளுடைய போன் போயிற்று. பின்பக்கம் அடுப்படிக் கதவுக்கு உள்ளே பூட்டு ஏறியது. வெளியே போனால் முன் கதவைப் பூட்டிக்கொண்டு போனான். மெயில், பிரவுசர் எல்லாவற்றையும் தினமும் நோண்டினான். கோடிங் மட்டும்தான் அவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. குழாய் சாமான் கம்பெனி ஒன்றின் வெப்சைட் பாதியில் நின்றதால் அக்காவையும் உடனே கழற்றிவிட முடியவில்லை.

எனவே வலது ஓரம் மறுபடியும் உயிர் பெற்றது. முதலில் பொடிசு வெட்கப்பட்டுக்கொண்டு, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று இடது பக்கம் எழுதினாள். அக்கா வலது ஓரத்தில் கேட்டாள்: 'இப்போ நெஜத்தைச் சொல்லு.' பொடிசு ஸ்பேஸ் பட்டனை அழுத்திக்கொண்டே அழுதாள். அப்புறம் எழுதினாள், ஒன்று விடாமல்.

இரண்டு பேரும் ஒரு நாள் குறித்தார்கள். குழாய் கம்பெனி முதலாளியைப் பார்க்க அவன் மத்தியானம் கிளம்புவான். அக்கா பின் தெருவில் வண்டியில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் போனதும் பொடிசு எழுதுவாள். அக்கா வந்து பூட்டை உடைப்பாள். அவ்வளவுதான் திட்டம்.

அந்த நாள் வந்தது. அவன் உள்ளே கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான். வலது ஓரத்தில் அக்காவின் வரி வந்து விழுந்தது: 'பின் தெருவுல வண்டியில இருக்கேன். கடப்பாரை கொண்டு வந்திருக்கேன். அவன் கெளம்பினதும் எழுது.' அதை அழிக்கலாம் என்று விரலை வைத்தாள். அதற்குள் அவன் முன்னறைக்கு வந்து அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்துவிட்டான்.

"புது எடிட்டர் வாங்கிட்டேன். நேத்து ராத்திரியே ஏத்தியாச்சு. முதலாளிகிட்ட இதோட பேரைச் சொன்னாலே ஒரு மரியாதை."

அந்த எடிட்டரைப் பொடிசுக்குத் தெரியும். வாங்கியதும் திறந்தால் அது நீண்ட வரியையெல்லாம் தானாகவே மடிக்கும். வலது ஓரத்துக்கு அப்பால் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து கண்ணுக்கு முன்னால் அடுக்கி வைக்கும்.

"எதுக்குங்க இது? இலவசமா கிடைக்கிறதுல நமக்கு வேண்டியது எல்லாமே இருக்கே."

"ஓசி எடிட்டர்ல வேலை செய்யறோம்னு வெளியே சொல்ல முடியுமா? மானம் போகும்."

"நம்ம லேப்டாப் பழசுங்க. இவ்வளவு கனத்தை அது தாங்காது. பழைய எடிட்டர் லேசு. வருஷா வருஷம் எதுக்குங்க தெண்டம் அழணும்?"

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தபடியே புறங்கையால் அறைந்தான். அவளுடைய கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இல்லங்க. குழாய் கம்பெனி வேலை முடியட்டும். அப்புறம் மாத்திக்கலாம். நடுவுல மாத்தினா ஏதாவது எசகுபிசகா ஆயிடும். வேலை தெரிஞ்சவங்க யாரும் நடுவுல மாத்த மாட்டாங்கங்க."

உதட்டிலிருந்து ரத்தம் தாடையில் வழிய அவள் ஓசி எடிட்டருக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நினைத்தால் வயிறு எரிகிறது. அவனுக்கோ, இவள் கெஞ்சக் கெஞ்சத்தான் அது வேண்டும் என்று பிடிவாதம் ஏறியது.

"இதுல ஒரு ஆளுக்குத்தான் சந்தா கட்டியிருக்கேன். உங்கக்கா இனிமே கெடையாது. அவ சங்காத்தமே வேணாம்."

"சரிங்க. அப்போ நானே தெறந்து காட்டறேன். நீங்க நகருங்க."

அவள் விசைப்பலகைக்குக் கை நீட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் அவன் கையிலிருந்து எதையும் வாங்கப் போனதில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பி, குழாய் கம்பெனிக் கோப்பைப் புது எடிட்டரில் திறந்தான்.

திரையில் வரிகள் மடிந்தன. பெரிய வெற்றிடம், அதற்குக் கீழே பச்சைத் தமிழில் அக்காவின் வார்த்தைகள். வண்டி. கடப்பாரை. அவன் கெளம்பினதும்.

அவன் நிதானமாகப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். முடியைப் பிடித்து அவள் தலையை மேசை விளிம்பில் மோதினான். புருவம் பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. கீழே விழுந்தவளை உதைத்தான், பழைய விரிசல் எந்தப் பக்கம் என்று தெரிந்து அந்தப் பக்கமாகவே உதைத்தான். "எழுதின கை எது? இதானே?" என்று அவளுடைய வலது கையை இழுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து, காலால் உதைத்து மூடினான். எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது. அவள் போட்ட சத்தத்தை மெஷின் தின்றுவிட்டது.

மூச்சு வாங்க நின்றவனுக்கு ஒரு யோசனை வந்தது. முகம் மலர்ந்துவிட்டது பாவிக்கு. பெயர்ப்பலகை மாட்டுவதற்காக வாங்கி வைத்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான்.

"எழுந்திரு. உங்கக்காவுக்கு எழுது. நான் கெளம்பிட்டேன்னு எழுது. வரட்டும். வாசப்படி தாண்டட்டும், மண்டையைப் பொளந்துடறேன். திருட வந்தாள்னு சொல்லிக்கறேன். கடப்பாரையோட வர்றா, வேற சாட்சி எதுக்கு?"

பொடிசுக்கு வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தன் உயிர் பெரிசாகத் தெரியவில்லை அவளுக்கு. அக்கா, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அக்கா, குனிந்து பூட்டை உடைத்துவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கப் போகிற அக்கா, அவள் மண்டைக்கு மேலே ஒரு சுத்தியல்.

"மாட்டேன்" என்றாள்.

அவன் அவளுடைய நசுங்கிய விரல்களைப் பிடித்து அழுத்தினான். "நீ எழுதாட்டா நானே எழுதுவேன். எனக்குத் தமிழ் தெரியாதா?"

தெரியுமே. எழுதிவிடுவான். கோப்பைப் பழைய எடிட்டரில் திறந்தான், அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். அவள் இடது கையால் ஸ்பேஸ் பட்டனைத் தொட்டாள். பழக்கம்.

பின்மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. "அந்த ஓரத்துக்குப் போய் எழுதற வேலையே வேணாம். திருட்டுத்தனம் பண்ணலாம்னு பார்க்கறியா? இங்க, என் கண்ணு முன்னாடி எழுது. இடது பக்கம் ஆரம்பத்துலயே எழுது."

தவளை தன் வாயால் கெடும். பொடிசு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணில் மின்னியதை அவன் பார்த்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவள் இடது கை ஒற்றை விரலால், இடது பக்கம், வரியின் ஆரம்பத்தில், மோப்பநாய்க்கு எழுதிய அதே இடத்தில் தட்டினாள்: 'கெளம்பிட்டான். முன் கதவு வழியா வா.'

கொஞ்ச நேரம் திரை அப்படியே இருந்தது. பொடிசு மனசுக்குள் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஞாபகம் இருக்கா அக்கா, ஞாபகம் இருக்கா.

பதில் வந்தது. அதுவும் இடது பக்கம், ஆரம்பத்தில்: 'சரி. இதோ வரேன்.'

"பார்த்தியா?" அவன் அவள் கன்னத்தைத் தட்டினான். "இந்த எடத்தை விட்டு அசைஞ்சா உனக்குத்தான் முதல் அடி." சுத்தியலோடு போய் முன் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றான்.

அவன் கண் கதவில் இருந்தது. பொடிசு இடது கையால் திரையைப் பக்கவாட்டில் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள். வெற்றிடம், வெற்றிடம். கடைசியில் இருந்தது: 'பின் கதவு. நீ அங்கயே இரு.'

பட்டறை மெஷின் ஒரு பெரிய தகரத்தை அறுக்கத் தொடங்கியது. இத்தனை வருஷம் அவனுக்கு உதவிய அந்தச் சத்தம் அன்றைக்குக் கட்சி மாறிவிட்டது. குப்பை கொட்டுவதற்கென்று பின்பக்கம் இருந்த இரும்புப் படியில் அக்கா ஏறியதும் கேட்கவில்லை, கடப்பாரை கதவு நிலையில் நுழைந்ததும் கேட்கவில்லை. அடுப்படிக் கதவு பூட்டோடு பெயர்ந்து பாத்திரங்கள் மேல் விழுந்தபோதுதான் அவன் திரும்பினான்.

சுத்தியலை ஓங்கிக்கொண்டு அடுப்படியைப் பார்த்து ஓடினான். நடுவில் மேசை. மேசையிலிருந்து சுவர் வரைக்கும் லேப்டாப்பின் ஒயர், பேட்டரி செத்ததால் எப்போதும் மாட்டியே இருக்கும் ஒயர். பொடிசு அதை இடது கையில் சுற்றிப் பிடித்து, காலை மேசையில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். அவன் முழங்காலுக்குக் கீழே அது சிக்கியது. லேப்டாப்பும் அவனும் சேர்ந்து தரையில் விழுந்தார்கள். திரை நொறுங்கியது, அவன் முன்பல்லும்தான்.

அக்கா வந்து நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். கடப்பாரையைக் கோடரி போல ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினாள்.

இத்தனை நாள் "உங்கக்கா, உங்கக்கா" என்று காறித் துப்பியவன், "அண்ணி! அண்ணி! வேணாம் அண்ணி!" என்று அலறினான். பார்த்தீர்களா, உறவுமுறை எப்படித் தானாக வருகிறது!

"வா போகலாம்" என்றாள் அக்கா. பொடிசு அவனைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாள். அவன் அவளுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். முழங்கால் பெயர்ந்த நிலையிலும் அந்தப் பிடி பிடித்தான்.

"எங்க போவ? எங்க போனாலும் வந்து இழுத்துட்டு வருவேன்டி."

சுத்தியல் பக்கத்திலேயே கிடந்தது. பொடிசு இடது கையால் எடுத்தாள்.

"விடு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றே சொல்லி வந்த வாய். "விடுடா."

விடவில்லை. அவள் ஓங்கி அந்தக் கை மேலே போட்டாள். இன்னொரு தடவை போட்டாள். விரல்கள் தானாக விரிந்தன. தப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு மனசு குளிர்ந்தது.

பின் தெருவில் வண்டி நின்றிருந்தது. முன் சீட்டில் அக்காவின் லேப்டாப் திறந்தபடியே கிடந்தது. பொடிசு அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.

"இடது பக்கம் எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுடி" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

திரையில் குழாய் கம்பெனியின் முதல் பக்கம் இருந்தது. அதன் முதலாளி எங்கோ ஆபீசில் உட்கார்ந்து, கோட்டு போட்டவன் வந்து காட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்த பக்கம். பொடிசு 'கெளம்பிட்டான்' என்ற வரியை அழித்தாள். அந்த இடத்தில் ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டத் தொடங்கினாள். விசைப்பலகையில் ரத்தம் சொட்டியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் தட்டினாள்.

"என்ன எழுதற? இனிமே எதுக்கு அந்த ஓரத்துல போய் எழுதணும்? என்கிட்டயே வாய் விட்டுச் சொல்லேன்."

"ஓரத்துல எழுதலக்கா."

அக்கா எட்டிப் பார்த்தாள். இடது பக்கம், வரியின் ஆரம்பத்தில், குறிப்புக்கு உரிய அடையாளம் எதுவும் இல்லாமல், வெப்சைட்டைத் திறக்கிற யார் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது: 'இதைச் செஞ்சது நாங்க ரெண்டு பேர். என் புருஷன் என்னை அடிச்சான்.' கீழே முகவரி, அவன் முழுப்பேர்.

பொடிசு அதைச் சேமித்து, வெளியிடும் பட்டனை அழுத்தினாள்.